பானட்டுக்கு அடியில் என்ன நிறம்?

பழைய ராணுவ வண்டியை வாங்கிப் புதுப்பிக்கிறவர்களிடம் வெளி நிறத்தைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் மணிக்கணக்கில் போகும். ஆலிவ் பச்சையில் எத்தனை வகை, எந்த ஆண்டுக்கு எது பொருந்தும், நட்சத்திரம் எவ்வளவு பெரிது, எண்ணை எங்கே எழுத வேண்டும் என்று எல்லாம் விரல்நுனியில் இருக்கும். பானட்டைத் திறந்து "எஞ்சினுக்கு என்ன நிறம்?" என்று கேட்டால் பேச்சு தடுமாறும். சிலர் வெளியில் அடித்து மீந்த பச்சையையே உள்ளேயும் அடித்திருப்பார்கள். சிலர் பெயிண்ட் கடையில் கிடைத்த ஏதோ ஒரு சாம்பல் நிறத்தை அடித்திருப்பார்கள்.

இந்தக் கேள்விக்கு நல்ல பதில் உண்டு, அதைக் கண்டுபிடிக்க வழியும் உண்டு. அவசரப்பட்டால் கெட்டுப்போகிற வேலை என்பதால், ஒரு டீயை வைத்துக்கொண்டு நிதானமாகவே பார்ப்போம். சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டியின் வெளி நிறத்தை முடிவு செய்தது ராணுவம். எஞ்சின் நிறத்தைப் பெரும்பாலும் முடிவு செய்தது அதை வார்த்துப் பூட்டிய தொழிற்சாலை. அதனால் ராணுவத்தின் ஷேடு கார்டைப் புரட்டுவதற்கு முன்னால், உங்கள் முன் இருக்கும் இரும்பைப் படிக்க வேண்டும்.

ஒரே எஞ்சின், இரண்டு நிறம்

இதை விளக்க இரண்டாம் உலகப் போர்க் கால ஜீப்பைப் போலப் பொருத்தமான வண்டி வேறில்லை. ராணுவ வண்டி என்றதும் லாரியை நினைத்தவர்கள், ஜீப் எங்கிருந்து வந்தது என்று யோசிக்க வேண்டாம். அமெரிக்க ராணுவத்தின் ஏடுகளில் ஜீப்பின் பெயரே 'கால் டன் டிரக்' என்பதுதான்.

1940 செப்டம்பரில் அதன் முதல் மாதிரி வண்டியைச் செய்து ராணுவத்திடம் ஒப்படைத்தது, பென்சில்வேனியா மாநிலத்தின் பட்லர் ஊரில் இருந்த பேன்டம் என்ற சிறிய கம்பெனி. ஆயிரக்கணக்கில் செய்யும் பெரிய ஆர்டர் 1941 ஜூலையில் ஒஹையோ மாநிலத்தின் டொலீடோ நகரிலிருந்த வில்லிஸ் ஓவர்லேண்டுக்குப் போனது. ஒரே தொழிற்சாலையை நம்பிப் போருக்குப் போக ராணுவம் விரும்பவில்லை. அதே ஆண்டு நவம்பரில், வில்லிஸின் வரைபடங்களின்படியே ஜீப் செய்துகொடுக்க ஃபோர்டு ஒப்புக்கொண்டது. வில்லிஸ் வண்டிக்கு எம்பி என்று பெயர், ஃபோர்டு வண்டிக்கு ஜிபிடபிள்யூ என்று பெயர். போர் முடிவதற்குள் இரண்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கு மேல் உருவாயின.

இரண்டிலும் எஞ்சின் ஒன்றுதான். 'கோ டெவில்' என்று பெயர்பெற்ற நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், 2,199 சிசி, 60 குதிரைத்திறன். ஒன்றின் பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் மாட்டினால் அப்படியே உட்கார வேண்டும் என்பது ஒப்பந்தத்தின் உயிர்நாடி. அப்படியே உட்காரவும் செய்தது. ஆனால் வில்லிஸ் தன் எஞ்சினுக்கு ஆலிவ் பச்சை அடித்தது, ஃபோர்டு தன் எஞ்சினுக்குச் சாம்பல் நிறம் அடித்தது.

ஏன் இப்படி? ராணுவம் வெளி நிறத்தில் கறாராக இருந்ததற்குக் காரணம், விமானத்திலிருந்தும் தூரத்திலிருந்தும் பார்க்கிற எதிரியின் கண். பளபளப்பே இருக்கக் கூடாது, நிறம் மண்ணோடும் செடியோடும் கலக்க வேண்டும். பானட்டுக்கு அடியில் அந்தக் கண் எட்டாது. அங்கே பெயிண்டுக்கு இருந்த வேலை வேறு: துருவைத் தடுக்க வேண்டும், எண்ணெய்க் கசிவைக் காட்ட வேண்டும், துணியால் துடைத்தால் சுத்தமாக வேண்டும். இதை எந்த நிறமும் செய்யும். அதனால் அந்தந்தத் தொழிற்சாலையின் பழக்கம் அப்படியே நீடித்தது.

வேலை நடந்த முறையையும் நினைத்துப் பாருங்கள். பிளாக்கை வார்ப்பதும் கடைவதும் எஞ்சினைப் பூட்டுவதும் தனிப் பிரிவு. அங்கேயே பெயிண்ட் அடித்து, முழுமையான எஞ்சினாகத்தான் அது சேசிஸுக்கு வந்து சேரும். பாடிக்குப் பெயிண்ட் அடிப்பது இன்னொரு இடம், இன்னொரு ஆட்கள். ஆகவே வில்லிஸ் எஞ்சினும் பச்சை, பாடியும் பச்சை என்றாலும் இரண்டும் ஒரே டப்பாவிலிருந்து வந்தவை என்று எண்ணிவிடக் கூடாது.

முதலில் எஞ்சின் யாருடையது என்று பாருங்கள்

நிறத்தைத் தேடுவதற்கு முன் எஞ்சினை அடையாளம் காண வேண்டும். பிளாக்கின் வலப்பக்க முன் மேல்மூலையில் எண் குத்தியிருக்கும். எம்பி என்று தொடங்கினால் வில்லிஸ், ஜிபிடபிள்யூ என்று தொடங்கினால் ஃபோர்டு. ஃபோர்டு தன் போல்ட்டுகளின் தலையில்கூட 'எஃப்' எழுத்தைப் பதித்தது. சேசிஸைத் தனியாகச் சரிபாருங்கள். ரேடியேட்டருக்கு அடியில் இருக்கும் குறுக்குச் சட்டம் வில்லிஸில் உருண்டையான குழாய், ஃபோர்டில் கவிழ்த்த 'யு' வடிவம்.

இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. போர்க்களத்திலும் பழுதுபார்க்கும் டிப்போக்களிலும் எஞ்சின்கள் வண்டி விட்டு வண்டி மாறின. போருக்குப் பின் பிரெஞ்சு ராணுவம் பாரிசுக்கு அருகிலுள்ள லா மால்துர்னே பணிமனையில் ஆயிரக்கணக்கான ஜீப்களை முழுக்கப் பிரித்து மறுபடி பூட்டியது. அங்கே வில்லிஸ் பாகமும் ஃபோர்டு பாகமும் தாராளமாகக் கலந்தன. அதனால் வில்லிஸ் சேசிஸில் ஃபோர்டு எஞ்சின் உட்கார்ந்திருப்பது அபூர்வமில்லை. அப்படியானால் தொழிற்சாலை நிறம் பிளாக்கைப் பின்பற்றும், சேசிஸைப் பின்பற்றாது.

நம் நாட்டில் இன்னொரு படி கூடுதலாகப் பார்க்க வேண்டும். மஹிந்திரா நிறுவனம் வில்லிஸ் உரிமத்தில் பல்லாண்டுகள் ஜீப் செய்ததால், இங்கே 'வில்லிஸ்' என்று சொல்லி விற்கப்படும் வண்டிகளில் பல போருக்குப் பிந்தியவை. அவற்றில் 1950-க்குப் பிந்திய 'ஹரிகேன்' எஞ்சின் இருக்கலாம், டீசல் எஞ்சினே மாற்றியிருக்கலாம். கண்டுபிடிப்பது எளிது. கோ டெவிலில் இரண்டு வால்வுகளும் பிளாக்கிலேயே இருப்பதால் ஹெட் தட்டையாக இருக்கும். ஹரிகேனில் உள்ளிழுக்கும் வால்வு ஹெட்டுக்கு ஏறிவிட்டது, கார்பரேட்டரும் ஹெட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும். போர்க்கால ஜீப்பின் நிறத்தை ஹரிகேனுக்கு அடிப்பது பொருந்தாது.

பழைய பெயிண்ட் எங்கே ஒளிந்திருக்கும்

இனிமேல்தான் சுவாரசியமான பகுதி. எஞ்சினை இறக்கியதும் காஸ்டிக் தொட்டியில் போடவோ மணல் பீய்ச்சவோ கொடுத்துவிடாதீர்கள். எண்பது ஆண்டுச் சாட்சி ஒரே மாலையில் போய்விடும். முதலில் மண்ணெண்ணெய் அல்லது டர்பெண்டைனில் துணியை நனைத்து, கிரீஸை மெதுவாகத் துடைத்தெடுங்கள். நாம் சபிக்கிற அந்தக் கெட்டிக் கிரீஸ்தான் அடியிலிருக்கும் பெயிண்டைக் காப்பாற்றியிருக்கும்.

பிளாக்கின் பின்பக்கம், கிளட்ச் உறையை ஒட்டிய மூலைகள், ஆயில் சம்ப்பின் விளிம்புக்கு மேலே இருக்கும் இடுக்கு, டைனமோ பிராக்கெட்டின் மறைவு, பக்கவாட்டில் வால்வை மூடியிருக்கும் தகட்டைச் சுற்றிய பள்ளம் ஆகிய இடங்களில் தேடுங்கள். மேனிஃபோல்டை ஒட்டிய பகுதியை நம்ப வேண்டாம். அங்கே சூட்டில் நிறம் கருகியிருக்கும்.

நல்ல இடம் கிடைத்ததும், ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு நுண்ணிய வாட்டர் பேப்பரால் ஈரத்தோடு தேயுங்கள். நடுவில் இரும்பு தெரியும்வரை தேய்த்து, சுற்றிலும் சரிவாக விடுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடித்த பெயிண்டெல்லாம் மரத்தின் வளையங்களாக விரியும். இரும்பை ஒட்டியது முதல் பெயிண்ட், வெளி விளிம்பில் இருப்பது கடைசி. இரண்டு வளையங்களுக்கு நடுவே அழுக்கும் எண்ணெயும் கோடாகத் தெரிந்தால், வண்டி இடையில் நன்றாக ஓடியிருக்கிறது, பிறகு மறுபடி அடித்திருக்கிறார்கள் என்று பொருள். உலரத் தேய்க்கவே கூடாது. அந்தக் காலப் பெயிண்டில் ஈயம் இருக்கும், தூசி நுரையீரலுக்குப் போகும். முகக்கவசம் போடுங்கள், கழிவைச் சேர்த்து எடுத்து அப்புறப்படுத்துங்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

நிறத்தோடு விளிம்பையும் பாருங்கள். பெயிண்ட் எங்கே நின்றிருக்கிறது? பிராக்கெட்டைக் கழற்றினால் அடியில் வெறும் இரும்பு இருந்து, பெயிண்ட் அதன் ஓரத்தோடு நின்றிருந்தால், பிராக்கெட்டை மாட்டிய பிறகே ஸ்ப்ரே அடித்திருக்கிறார்கள். பழைய கேஸ்கெட்டின் ஓரத்தில் பெயிண்ட் ஏறியிருந்தால் பூட்டிய எஞ்சினுக்கு மேல் அடித்தது. அந்த ஓரத்தில் இருப்பது கடைசி வளையத்தின் நிறம் மட்டுமே என்றால், எஞ்சினைப் பிறகு ஒருமுறை திறந்து, புதுக் கேஸ்கெட் போட்டு, மறுபடி பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். எந்த டிப்போவின் பதிவேடும் கிடைக்காத வண்டிக்கு இந்த விளிம்புகளே பதிவேடு.

கண்ணை ஏமாற்றும் மஞ்சள்

கிடைத்த நிறத்தை அப்படியே நம்பலாமா? கொஞ்சம் பொறுக்க வேண்டும். அந்தக் கால எனாமல்களில் எண்ணெயும் எண்ணெய் கலந்த ரெசினும் இருந்தன. இவை சூட்டிலும் வெளிச்சம் படாத இருட்டிலும் மஞ்சளாகும். எஞ்சின் இருக்கும் இடத்தில் இரண்டும் உண்டு.

ஆலிவ் பச்சையை உருவாக்கும் பழைய வழியே கறுப்போடு மஞ்சள் காவியைக் கலப்பதுதான். பச்சைப் பொடி சேர்க்காமலே பச்சை வந்துவிடும். கறுப்பும் வெள்ளையும் கலந்த சாம்பலின் மேல் எண்ணெயின் மஞ்சள் ஏறினால் என்ன ஆகும்? அதுவும் பச்சைப் பக்கம் சாயும். ஃபோர்டின் சாம்பல் நிறத்தை யாராவது ஆலிவ் என்று சத்தியம் செய்தால் அவர் பொய் சொல்வதாக நினைக்க வேண்டாம். மஞ்சளேறிய மேல்பரப்பை மட்டும் பார்த்திருப்பார்.

பரிசோதனை எளிது. மஞ்சள் மேல்பரப்பில்தான் அதிகம் இருக்கும். அதே வளையத்தைப் பாலிஷ் காம்பவுண்டால் லேசாக வெட்டி உள்ளே பாருங்கள். உள்ளே தெளிந்த சாம்பல் வந்தால் அதுதான் டப்பாவிலிருந்து வந்த நிறம். உள்ளேயும் ஆலிவாகவே இருந்தால் அது ஆலிவ்தான்.

எண்கள் எவ்வளவு தூரம் உதவும்

நிறத்துக்கு ஓர் எண் கிடைத்துவிட்டால் நிம்மதி வரும். அந்த நிம்மதியைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். இன்று அமெரிக்க ராணுவ நிறங்களுக்கு எல்லாரும் சொல்லும் ஐந்திலக்க எண்கள் 'ஃபெடரல் ஸ்டாண்டர்ட் 595' என்ற பட்டியலிலிருந்து வருபவை. அது வெளியானது 1956-ல். உங்கள் எஞ்சின் 1943-ல் பெயிண்ட் ஆகியிருந்தால், அந்த எண் பின்னாளில் பார்த்து, 'இது கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது' என்று சொல்வது மட்டுமே. எண் தவறில்லை, அதற்கு அந்த அதிகாரம் இல்லை என்பதை மனத்தில் வைத்தால் போதும்.

அந்தப் பட்டியலில் ஒரு நல்ல பாடமும் இருக்கிறது. முதல் இலக்கம் நிறத்தைக் குறிப்பதே இல்லை, பளபளப்பைக் குறிக்கிறது. 1 என்றால் பளபளப்பு, 2 என்றால் பாதிப் பளபளப்பு, 3 என்றால் மங்கல். 24087, 34087 இரண்டும் ஒரே ஆலிவ் பச்சைதான், ஒன்று பாதி மின்னும், இன்னொன்று மின்னாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறு நிறம் என்றே தோன்றும். ராணுவ வண்டி என்றாலே மேட் பெயிண்ட் என்று எஞ்சினுக்கும் மேட் அடிப்பது பரவலாக நடக்கிறது. மேட் பெயிண்டின் மேல்பரப்பு நுண்ணிய அளவில் கரடுமுரடானது. எண்ணெயும் தூசியும் அதில் சிக்கினால் துடைத்தாலும் போகாது. எஞ்சினுக்குத் துடைக்கக்கூடிய பரப்பு வேண்டும் என்பதால், பாதிப் பளபளப்புள்ள எனாமலே தொழிற்சாலை வழக்கத்துக்கு நெருக்கமானது. உங்கள் மாதிரியில் கிரீஸுக்கு அடியில் மிஞ்சிய பரப்பு எவ்வளவு மின்னுகிறது என்று பாருங்கள், அதுவே விடை.

நம் பெயிண்ட் கடைகளில் ஐஎஸ் 5 என்ற இந்தியத் தரப் பட்டியல் புழங்குகிறது. அதன் எண்கள் பிரிட்டனின் பிஎஸ் 381சி பட்டியலைத் தழுவியவை. 220 ஆலிவ் கிரீன், 631 லைட் கிரே, 632 டார்க் அட்மிரால்டி கிரே எல்லாம் எந்த ஊரிலும் கிடைக்கும். சுலபமாகக் கிடைக்கிறது என்பதற்காக ஃபோர்டு எஞ்சினுக்கு 631-ஐ அடித்துவிடாதீர்கள். நெருக்கமான ஒன்றை அடிப்படையாக எடுத்து, மிக்ஸிங்கில் உங்கள் மாதிரிக்கு இழுத்து வரலாம்.

கடையில் நிறம் பொருத்தும்போது

கலந்த பெயிண்டை ஈரத்தில் பார்த்து முடிவு செய்யக் கூடாது. அட்டையிலோ தகரத்திலோ அடித்து, முழுக்க உலரவிட்டு, மாதிரிக்குப் பக்கத்தில் வையுங்கள். டியூப் லைட்டில் ஒருமுறை, நிழலான பகல் வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். வேறு வேறு நிறப்பொடிகளால் செய்த இரண்டு சாம்பல்கள் ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகவும் இன்னொன்றில் வேறாகவும் தெரியும். இரண்டு வெளிச்சத்திலும் ஒத்துப்போனால் மட்டுமே ஒப்புக்கொள்ளுங்கள்.

அட்டையை ஒருமுறை பானட்டுக்கு அடியிலேயே வைத்துப் பார்ப்பதும் அவசியம். சுற்றிலும் பச்சை இருந்தால் நடுவிலிருக்கும் சாம்பல் கொஞ்சம் சிவப்புப் பக்கம் சாய்ந்ததாகக் கண்ணுக்குத் தோன்றும். வெள்ளைச் சுவர் முன்னால் சரியாகப் பட்டது, வண்டிக்குள் போனதும் தப்பாகப் படுவதற்கு இதுதான் காரணம். பெயிண்டரைக் குறை சொல்லி மறுபடி கலக்க வேண்டாம். மாதிரியோடு ஒத்துப்போகிறதா என்பதே இறுதிச் சோதனை.

வெப்பத்தைப் பற்றிப் பலர் அஞ்சுகிறார்கள். தண்ணீர் ஓடும் பிளாக்கின் வெளிப்பரப்பு கொதிநிலையை ஒட்டித்தான் நிற்கும், தரமான எஞ்சின் எனாமல் அதைத் தாங்கும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு நூற்றுக்கணக்கான டிகிரிக்குப் போவது. எந்தச் சாதாரணப் பெயிண்டும் அங்கே நிற்காது. தொழிற்சாலையில் மேலே விழுந்த பெயிண்டும் முதல் சில ஓட்டத்திலேயே எரிந்து போயிருக்கும், ஆகவே வெறும் இரும்பாக அது இருப்பதே உண்மைக்கு நெருக்கம்.

எஞ்சினில் மாட்டியிருக்கும் எல்லாவற்றுக்கும் ஒரே நிறம் அடிப்பதும் வேண்டாம். கார்பரேட்டர் பெயிண்ட் இல்லாத வார்ப்பு. டைனமோ, செல்ஃப் மோட்டார் போன்றவை மின்சாதனக் கம்பெனியிலிருந்து தம் சொந்த நிறத்தோடு வந்தவை, வழக்கமாகக் கறுப்பு. எது பெயிண்ட் ஆனது, எது வெறுமையாக விடப்பட்டது என்பதை அறிய ராணுவத்தின் கையேடுகள் மிகவும் உதவும். ஜீப்புக்கு 1944-ல் வந்த டிஎம் 9-803 கையேட்டின் படங்கள் கறுப்பு வெள்ளைதான். நிறத்தை அவை சொல்லாது. எந்தப் பாகம் மின்னுகிறது, எது மங்கல், எது பக்கத்துப் பாகத்தைவிட இருண்டது என்பதைத் தெளிவாகச் சொல்லும்.

அடிக்கும்போது மெல்லிசாக அடியுங்கள். வார்ப்பிரும்பின் மணல் சொரசொரப்பு, வார்ப்பு எண், குத்திய எண் எல்லாம் தெரிய வேண்டும். பட்டி போட்டு இழைத்துக் கண்ணாடியாக்கிவிட்டால், நிறம் சரியாக இருந்தும் எஞ்சின் பொய்யாகத் தெரியும்.

எந்த நாளின் நிறம்?

இவ்வளவும் செய்த பிறகு ஒரு முடிவு உங்களிடம் மிச்சமிருக்கும். உங்கள் ஃபோர்டு பிளாக்கில் முதல் வளையம் சாம்பல், அதன் மேல் டிப்போவில் அடித்த பச்சை, அதற்கும் மேல் பின்னால் வந்த உரிமையாளரின் கறுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றுமே அந்த எஞ்சின் உண்மையாகப் பூசிக்கொண்ட நிறங்கள். தொழிற்சாலையிலிருந்து புறப்பட்ட நாளைக் காட்ட விரும்பினால் சாம்பல். வெளியில் டிப்போ கால எண்களையும் குறியீடுகளையும் எழுதப் போகிறீர்கள் என்றால், உள்ளே டிப்போவின் பச்சைதான் அதற்கு இணங்கும். வெளியே ஒரு காலம், உள்ளே இன்னொரு காலம் என்று கலப்பதைத்தான் தவிர்க்க வேண்டும். 'அசல் நிறம் எது' என்று வாதாடுகிற இருவர் பல நேரம் இரண்டு வெவ்வேறு நாட்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பார்கள். தேதியைச் சொல்லிவிட்டால் வாதம் பாதி தீர்ந்துவிடும்.

ஜீப்பில் கற்ற இந்த முறை ஜிஎம்சியின் இரண்டரை டன் லாரிக்கும் பொருந்தும், ஜபல்பூரில் 1959 முதல் ஜெர்மனியின் மான் நிறுவன உரிமத்தில் உருவான சக்திமானுக்கும் பொருந்தும். எஞ்சினைச் செய்தது யார், எப்போது, பிறகு யார் திறந்தார்கள் என்ற மூன்று கேள்வியும் எல்லா வண்டிக்கும் பொது. விடைதான் வண்டிக்கு வண்டி மாறும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வளையங்கள் தெரியத் தேய்த்த அந்த நாணய அளவு இடத்தின் மேல் பெயிண்ட் அடிக்காதீர்கள். நிறமில்லாத வார்னிஷ் பூசி அப்படியே விடுங்கள், பின்பக்க மூலையில் அது யார் கண்ணையும் உறுத்தாது. பக்கத்தில் அளவுகோலை வைத்துப் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். எந்த வளையத்தைத் தேர்ந்தீர்கள், ஏன் தேர்ந்தீர்கள், எந்தக் கலவையை அடித்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி, உலர்ந்த மாதிரி அட்டையோடு சேர்த்து வண்டியின் காகிதங்களில் வையுங்கள். நாளை இன்னும் நல்ல ஆதாரம் கிடைக்கலாம், நம் முடிவு திருத்தப்படலாம். திருத்த வருகிறவருக்கு இரும்பும் தாளும் கையில் இருக்க வேண்டும். அந்தப் பொறுப்பு இன்று பிரஷைப் பிடிக்கிற நம்முடையது.